முதன்முறை முழு மாரத்தான் ஓடுபவர்களுக்காகச் சாலையோரம் நிற்கும்போது என்ன சொல்வது, எங்கே நிற்பது?

கேள்வி: வேளச்சேரிக் காலை ஓட்டம்

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் காலைநேர ஓட்டக் குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருகிறேன். முறையான பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. மற்றவர்களுக்குச் சற்று முன்பே ஓடத் தொடங்கியவன் என்பதால், பின்னால் வந்தவர்கள் என்னைக் ‘கோச்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். வரும் ஜனவரியில் நடக்கவிருக்கும் சென்னை மாரத்தானில் எங்கள் குழுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் முதன்முறையாக 42.195 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர், பள்ளி ஆசிரியர்கள், ஐடி ஊழியர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். பரிசுக்காக ஓடுபவர் ஒருவரும் இல்லை. ஐந்து மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் முடித்தால் போதும் என்பதே அனைவருடைய எண்ணமும். கணுக்கால் வலி காரணமாக இம்முறை நான் ஓடப்போவதில்லை. எனவே வழியில் நின்று அவர்களை உற்சாகப்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

என்னுடைய முதல் ஐயம், எந்த இடத்தில் நிற்பது, ஓடி வருகிறவரிடம் என்ன சொல்வது என்பது. “சூப்பர், விடாதீங்க” என்று கத்துவதைத் தாண்டி, ஒரு பயிற்சியாளரின் இடத்தில் இருப்பவன் அந்த நேரத்தில் உண்மையிலேயே பயன்படும்படி ஏதாவது செய்ய முடியுமா?

இரண்டாவது ஐயம் சற்றுக் கடினமானது. எங்கள் குழுவில் ஐம்பது வயதைக் கடந்த வங்கி ஊழியரான அம்மா ஒருவர் இருக்கிறார். நவம்பர் முழுக்க மழை கொட்டி, எங்கள் பகுதிச் சாலைகளில் தண்ணீர் நின்றதில் அவருடைய நீண்ட ஓட்டங்கள் பலவும் தடைபட்டுப்போயின. இதுவரை அவர் ஓடிய அதிகபட்ச தூரம் 24 கிலோமீட்டர்தான். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரங்களே உள்ள நிலையில், அவரை ஃபுல் ஓடச் சொல்வதா, ஹாஃபுக்கு (பாதி மாரத்தானுக்கு) மாறச் சொல்வதா? அவருடைய மகள் பெங்களூரிலிருந்து இதற்காகவே வருகிறார் என்பதால் என் வாயிலிருந்து எந்தச் சொல்லும் எளிதில் வரவில்லை.

மறுமொழி 1: கோவை நெடுவழி (பயிற்சியாளர்)

வணக்கம் நண்பரே. முதல் ஐயத்துக்கு மட்டும் இப்போது விடை எழுதுகிறேன். அந்த அம்மாவைப் பற்றி மற்றவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வருகிறேன்.

தொடக்க இடத்திலும் பாதித் தூரத்திலும் நிற்க வேண்டாம். அங்கே யாருக்கும் உற்சாகம் குறைவாக இருப்பதில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மிஞ்சித்தான் இருக்கும். பாஸ்டன் மாரத்தானில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் வெல்ஸ்லி கல்லூரி மாணவிகள் சாலையோரம் திரண்டு எழுப்பும் கூச்சல் உலகப் புகழ்பெற்றது. அந்த இடத்தைக் கடக்கும்போது தம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிட்டுப் பின்னால் வரும் நியூட்டன் மேடுகளில் அதற்கு விலை கொடுப்பவர்கள் உண்டு.

உங்கள் ஆட்களுக்கு நீங்கள் தேவைப்படும் இடம் 30 கிலோமீட்டருக்குப் பிறகுதான் வருகிறது. காரணம் மனத்தளர்ச்சி மட்டுமன்று. ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, அவருடைய எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகிறது என்று கணக்கிடலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு 2,950 கிலோகலோரிக்கு அருகில் வரும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாக, அதாவது மாவுச்சத்தின் சேமிப்பாக, சேர்ந்திருப்பதோ பெரும்பாலானவர்களுக்கு 1,600 முதல் 2,000 கிலோகலோரி வரைதான். மீதத்தைக் கொழுப்பு ஈடுகட்டும் என்றாலும், வேகம் கூடக்கூடக் கிளைக்கோஜன்தான் முதலில் கரைகிறது. அது வற்றும் கட்டம் பலருக்கும் 30 கிலோமீட்டரை ஒட்டி வருவதால்தான் அதைச் ‘சுவர்’ என்று ஓட்டக்காரர்கள் அழைக்கிறார்கள்.

ஆகவே அந்தச் சுவருக்குச் சற்று முன்னால் 28 கிலோமீட்டர் அருகே ஒருமுறை, 36 கிலோமீட்டர் அருகே ஒருமுறை என இரண்டு இடங்களில் நீங்கள் நிற்க முடிந்தால் போதும். முதல் இடத்தில் நீங்கள் பேசுவதைவிடப் பார்ப்பது முக்கியம். தோள் காதருகே ஏறியிருக்கிறதா, பாதம் தரையில் இழுபடுகிறதா, ஓடும்போது சாப்பிடக் கொண்டுவந்த மாவுச்சத்து ஜெல் இன்னும் பிரிக்கப்படாமல் கையில் இருக்கிறதா என்பதையெல்லாம் கவனியுங்கள். இரண்டாவது இடத்தில் பேசுங்கள். ஆனால் உங்களைக் கடந்து செல்லும் சில நொடிகளில் அவர் காதில் விழுவது ஒரே ஒரு வாக்கியம்தான். பெயரைச் சொல்லி அழைத்து, அடுத்து அவர் செய்ய வேண்டிய ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள்: “கையைத் தளர விடுங்க”, “அடுத்த தண்ணீர் மேசை வரைக்கும் ஓடிட்டு அப்புறம் நடங்க”. களைத்துப்போன மூளை அறிவுரையை ஏற்காது, வேலையை ஏற்கும்.

இதைவிடப் பெரிய வேலை உங்களுக்கு இந்த இரண்டு வாரத்தில் இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் 30 வினாடி வேகத்தில் செல்ல வேண்டும். மார்கழி அதிகாலைக் குளிர், இருட்டு, கூட்டம், பாட்டுச் சத்தம் எல்லாம் சேர்ந்து அவரை 7 நிமிடம் 30 வினாடிக்கு இழுத்துச் செல்லும். முதல் 10 கிலோமீட்டரில் அவருக்கு 10 நிமிடம் மிச்சம். அதன் விளைவாகக் கடைசி 10 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 11 நிமிடம் என்று நடந்து கடக்க நேர்ந்தால் போவது 25 நிமிடம். இந்தக் கணக்கை ஒவ்வொருவரிடமும் தாளில் போட்டுக் காட்டுங்கள். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் ஆகியோரைத் தங்கம் வெல்ல வைத்தவர், சாதாரண மக்களை ஆக்லாந்தில் மெதுவோட்டத்துக்கு அழைத்துவந்தபோது வைத்த அளவுகோல் மிக எளிமையானது: ஓடும்போது பக்கத்திலிருப்பவருடன் பேச முடிய வேண்டும். முதல் 15 கிலோமீட்டருக்கு உங்கள் ஆட்களுக்கும் இது போதும், கைக்கடிகாரமே வேண்டியதில்லை.

மறுமொழி 2: மதுரை மருத்துவர்

பயிற்சியாளர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சாலையோரம் நிற்பவர் தெரிந்திருக்க வேண்டிய மருத்துவச் செய்திகள் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

“தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க” என்று கூவுவதை நிறுத்துங்கள். சென்னை வெயிலில் இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது தெரியவந்தது. அதிகமாகக் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுமே அதில் அதிகம் சிக்கியிருந்தார்கள். உங்கள் குழுவினர் அனைவரும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மேசையிலும் நின்று பழக்கமில்லாத அளவுக்குக் குடிக்க வேண்டியதில்லை. தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் ஓஆர்எஸ் கரைசலும் நல்லவைதான் என்றாலும், அளவுக்கு மீறிக் குடித்தால் அவையும் இந்தச் சிக்கலைத் தடுக்கமாட்டா.

மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை தேவைப்படும். ஜெல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பேரீச்சம்பழம் உதவும். சிறிய பழம் ஒன்றில் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். அன்புமிகுதியால் கடலைமிட்டாயை நீட்டும் உறவினர்கள் எல்லா ஓட்டங்களிலும் இருக்கிறார்கள். ஓடி முடித்த பிறகு அது அருமையான தின்பண்டம். 35-ஆவது கிலோமீட்டரில் அதை மெல்லவும் முடியாது, கொழுப்புள்ள நிலக்கடலை விரைவில் செரிக்கவும் செய்யாது. பயிற்சியில் தின்று பழகாத எதையும் போட்டி நாளில் கொடுக்க வேண்டாம்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓடுவதற்கு முன்போ ஓடும்போதோ விழுங்கக் கூடாது என்று குழுவில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

இனி முக்கியமானது. ஒருவர் சோர்ந்து நடந்து வருவது இயல்பு. தள்ளாடியபடியோ, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்லியபடியோ, காரணமில்லாமல் எரிச்சல்பட்டபடியோ வருவது இயல்பன்று. “36 முடிஞ்சுதே, இன்னும் எத்தனை?” என்று கேளுங்கள். ஆறு என்று சொல்ல அவர் திணறினால் நிறுத்தி உட்கார வைத்து மருத்துவக் குழுவை அழையுங்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே அது வரக்கூடும். அப்படி ஐயம் எழுந்தால் உதவி வரும் வரை காத்திருக்காமல் கிடைக்கும் குளிர்ந்த நீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ இடக்கை வலியோ இருப்பதாகச் சொன்னால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஓட விடாதீர்கள்.

அந்த வங்கி ஊழியர் அம்மாவைப் பொறுத்தவரை, நான் அவருடைய மருத்துவராக இருந்தால் ஹாஃபுக்கு மாறுவதையே விரும்புவேன். இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை இருந்து, இதயப் பரிசோதனை ஏதும் செய்துகொள்ளாமல் இருந்தால், விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

மறுமொழி 3: கடைசி வரிசை

நான் எப்போதும் கடைசிக் கூட்டத்தில் ஓடி முடிப்பவள். கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். மேலே எழுதிய இருவரும் ஓடுபவரை வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து கேட்கும்போது அந்தச் சொற்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு மேல் ஈசிஆரில் வெயில் நேராக முகத்தின் பக்கவாட்டில் அடிக்கும். பறையடித்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். தண்ணீர் மேசையில் காலிக் கேன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பிழிந்து எறிந்த ஆரஞ்சுத் தோலில் கால் வழுக்கும். ஒருபக்கம் பேருந்துகளை விடத் தொடங்கியிருப்பார்கள். அப்போது யாராவது ஒருவர், மிகுந்த நல்லெண்ணத்துடன்தான், “இன்னும் கொஞ்சம்தான் மேடம்!” என்பார். அது 33-ஆவது கிலோமீட்டராக இருக்கும். எனக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கும். அந்தச் சொல்லைப் போல மனிதரைத் தளர வைப்பது வேறொன்றுமில்லை. சொன்னவர் மீது கோபம் வந்து, அந்தக் கோபத்துக்கும் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். தூரத்தைச் சொல்வதானால் சரியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லவே வேண்டாம். “நல்லா ஃபிரெஷ்ஷா இருக்கீங்க” என்ற பொய்யும் அப்படித்தான். என் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பயன்பட்டவை எவை என்றால், பிப்பில் (மார்பில் குத்தும் எண் அட்டையில்) அச்சிட்ட பெயரைப் படித்து அழைப்பவர்கள், கையை நீட்டித் தட்டச் சொல்லும் சிறுபிள்ளைகள், ஒன்றும் பேசாமல் ஈரப் பஞ்சை நீட்டுபவர்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மிதிவண்டிக் கருவியில் சோர்ந்து நிற்கும் வரை மிதித்த 24 பேரில் ஒரு பிரிவினருக்குத் தம்மிடமே சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியங்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் பழகக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குப் பின் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் ஏறக்குறைய 18 விழுக்காடு கூடியது, மற்றவர்களுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆய்வகத்தில் நடந்ததுதான். ஆனாலும் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் சொற்றொடரைவிட, அவரவர் தமக்கென்று தேர்ந்தெடுத்த சொற்றொடரை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, 36-ஆவது கிலோமீட்டரில் அதையே திருப்பிச் சொல்லுங்கள். ஆட்டோ ஓட்டுநர் ஒரு சொல் வைத்திருப்பார், ஆசிரியர் வேறொரு சொல் வைத்திருப்பார். சிலருக்கு அது முருகன் பெயராகவும் இருக்கும்.

அந்த அம்மாவைப் பற்றி மருத்துவர் ஐயா சொன்னதில் பரிசோதனை வரைக்கும் உடன்படுகிறேன். அதற்கு மேல், ஐம்பது வயதுப் பெண் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை நாம் நால்வர் கூடி முடிவெடுப்பது எனக்கு ஒப்பவில்லை. 1967-இல், பெண்களை ஏற்காதிருந்த பாஸ்டன் மாரத்தானில் எண் அட்டையுடன் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பாதையிலிருந்து பிடித்து இழுக்க வந்தவரும் தாம் சரியானதைச் செய்வதாகவே நினைத்திருப்பார். விவரங்களை அந்த அம்மா முன் வையுங்கள், முடிவு அவருடையது.

மறுமொழி 4: சாலைத் தன்னார்வலர்

ஓட்டங்களில் சந்திப்புகளில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தும் பணியைச் செய்து வருபவன் என்ற முறையில் சில வேண்டுகோள்கள்.

பயிற்சியாளரோ உறவினரோ பிப் இல்லாமல் உள்ளே புகுந்து கூடவே ஓட வேண்டாம். ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்து வருவது அதைவிட மோசம், பின்னால் வருபவர்கள் எல்லோரும் அந்தப் புகையைக் குடிக்க வேண்டியிருக்கிறது. போட்டியில் இல்லாதவர் வேகம் கொடுத்து உதவுவதைத் தடகள விதிகளே ஏற்பதில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியட்ரி முதல் ஆளாக அரங்குக்குள் நுழைந்து, கடைசிச் சுற்றில் மீண்டும் மீண்டும் விழுந்து, அலுவலர்கள் தூக்கி நிறுத்தியதால் எல்லைக்கோட்டைக் கடந்தார். அந்த உதவியே அவருடைய தங்கத்தைப் பறித்து, அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குக் கொடுத்தது. உங்கள் ஆட்களுக்குத் தங்கம் கிடைக்கப்போவதில்லைதான். ஆனால் தள்ளாடுபவரைத் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைக்கும் ஆசை அன்று எல்லோருக்கும் வரும், அந்த நேரத்தில் மருத்துவர் ஐயா சொன்னதை நினைவில் வைத்திருங்கள்.

தூரத்தைச் சொல்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அளந்து சான்றளிக்கப்பட்ட பாதையில் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவே சேர்ப்பார்கள்; அதோடு வளைவுகளில் அகலமாகத் திரும்பியதும் ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்து, பலருடைய கடிகாரம் முடிவில் 42.5-க்கு மேல் காட்டும். சாலையோரப் பலகையில் உள்ள எண்ணே கணக்கு.

விடியற்காலை நான்கு மணிக்குக் குடியிருப்புப் பகுதியில் விசில் ஊதாதீர்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் அனுமதி கிடைப்பது அவர்கள் தூக்கத்தைப் பொறுத்தது.

கேட்டவர்: வேளச்சேரிக் காலை ஓட்டம்

எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். சென்ற ஆகஸ்டில் மருத்துவரின் அறிவுரைப்படி டிரெட்மில் பரிசோதனை செய்து, தடையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லை. “ஹாஃப் ஏற்கெனவே ஓடியாச்சு, இந்த முறை அதுக்கு வரலை” என்றார். அந்த 24 கிலோமீட்டரை அவர் மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஓடி நடந்து முடித்தார், மறுநாள் வங்கிக்கும் போனார். மீதமிருக்கும் இந்த இரண்டு வாரத்தில் ஒரு 30 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தால் அவருக்கு நம்பிக்கை வருமா?

மறுமொழி 5: கோவை நெடுவழி (பயிற்சியாளர்)

வைக்கவே வைக்காதீர்கள். இனிமேல் ஓடும் நீண்ட ஓட்டத்தால் உடல் வலுப்பெறப் போட்டி நாளுக்குள் நேரம் போதாது. களைப்பு மட்டும் தங்கிவிடும். இந்த வார இறுதியில் 15 அல்லது 16, அடுத்த வாரம் 8, அவ்வளவே. மூன்றே முக்கால் மணி நேரம் காலில் நின்றிருக்கிறார் என்பது எனக்கு அந்த 24 என்ற எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மெதுவாக ஓடுபவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி ஓட்டமே வேண்டாம் என்று வாதிடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன் என்றாலும், அவர் பக்கம் அது சாயும் வாதம்.

ஓடட்டும். ஆனால் களைத்த பிறகு நடப்பதாக இல்லாமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கட்டும். அமெரிக்காவின் ஜெஃப் கேலோவே பரவலாக்கிய முறை இது. தொடக்கத்திலேயே நடப்பதைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள். அதற்கு அவரை இப்போதே தயார்ப்படுத்துங்கள்.

நிறுத்த வேண்டி வந்தால் எங்கே நிறுத்துவது என்பதையும் அவரே இன்றே சொல்லிவிடட்டும். எந்தப் பலகையை எத்தனை மணிக்குள் அடையாவிட்டால், அல்லது எந்த அறிகுறி தெரிந்தால், விலகிவிடுவார் என்று தம் கைப்பட எழுதி ஒரு படியை மகளிடமும் ஒரு படியை உங்களிடமும் தரட்டும். போட்டியின் கட்-ஆஃப் நேரங்களை (ஒவ்வோர் இடத்தையும் கடந்தாக வேண்டிய கடைசி நேரங்களை) பார்த்து அதைவிடச் சற்று முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நின்று அதை விவாதிக்கக் கூடாது. அங்கே அவர் “இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்” என்பார், நீங்களும் இரங்கிவிடுவீர்கள்.

மகளை எல்லைக்கோட்டில் காத்திருக்க வைக்காமல் 36-இல் உங்களோடு நிறுத்துங்கள். ஈரத்துண்டு, உப்பு, பேரீச்சம்பழம், தொடை உராய்ந்திருந்தால் தடவ வாஸ்லைன், நான்கைந்து சேஃப்டி பின், மாற்றுக் காலுறை ஒரு ஜோடி ஆகியவை அவர் பையில் இருக்கட்டும். ஈரத்தில் ஊறிய காலுறையை மாற்ற உட்கார்ந்தால் எழுவது கடினம் என்பதால், நின்றபடி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.